எட்டு மெஷினுக்குச் சந்தா கேட்டவரிடம் நான் கேட்ட ஒரே கேள்வி

நேற்று மத்தியானம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் வீடியோ மீட்டிங்கில் நானும் உட்கார்ந்தேன்!

(யாரும் கூப்பிடவில்லை. லேப்டாப் என் மகளுடையது. ஆனால் டைனிங் டேபிள் என்னுடையது.)

என் மகள் சுமதி, கே.கே. நகரில் எட்டுப் பேரை வைத்துக்கொண்டு ஒரு சின்ன கம்பெனி நடத்துகிறாள். கிளினிக்குகளுக்கு டோக்கன் போடுகிற சாஃப்ட்வேர். நேற்று மயிலாப்பூரில் ஒரு கிளினிக்குக்கு வந்தவள், மீட்டிங் இருக்கிறது என்று அப்படியே என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

முகமே சரியில்லை.

“இன்னாடி, துன்னாம குந்திக்கினு கீற?”

“கன்டெய்னர் பிளாட்ஃபார்ம் சந்தா புதுப்பிக்கணும்மா. போன வருஷத்தைவிட டபுளா விலை போட்டு கொட்டேஷன் வந்திருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போடணும்.”

“போட்டா?”

“போட்டா ரேவதியை வேலையை விட்டு நிறுத்தணும். வேற வழி தெரியல.”

ரேவதி அங்கே டெஸ்டிங் பார்க்கிற பெண். (நிஜப் பெயர் வேறு. மாற்றி எழுதினால்தான் இதை இங்கே போடலாம் என்று சுமதி உத்தரவு.) அவள் சம்பளத்தில்தான் இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றன. தீபாவளிக்கு என் வாசலுக்கு வந்து பலகாரம் கொடுத்தவளும் அவள் ஒருத்திதான். என் தம்பி பெண்டாட்டி கொடுக்கவில்லை. மூன்று தீபாவளியாகக் கொடுக்கவில்லை!

அப்புறம் நான் சும்மா இருப்பேனா?

“எனக்குப் புரியற மாதிரி சொல்லு. எதுக்கு இவ்ளோ துட்டு கேக்குறான்?”

பாவம், பொறுமையாகத்தான் சொன்னாள்.

சாஃப்ட்வேரைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிவிடுகிறார்களாம். அதுதான் கன்டெய்னர். எந்தப் பொட்டலம் எந்த மெஷினில் ஓட வேண்டும், ஒன்று படுத்தால் இன்னொன்றை எப்படி எழுப்புவது, இதையெல்லாம் பார்த்துக்கொள்கிற ஏற்பாட்டுக்குப் பெயர் பிளாட்ஃபார்ம். அதில் முக்கால்வாசி இலவசமாகவே கிடைக்கிறதாம்!

“அப்புறம் எதுக்குடி சந்தா?”

“ஞாயித்துக்கிழமை மெஷின் நின்னுடுச்சுன்னா போன் எடுக்க ஒரு ஆள் வேணாமா? சாஃப்ட்வேர்ல ஓட்டை கண்டுபிடிச்சா உடனே அடைச்சுத் தரணும். அந்த உத்தரவாதத்துக்குத்தான் காசு. அது இல்லன்னா கிளினிக்காரங்க நம்மளை உள்ளயே விட மாட்டாங்க.”

சரி, நியாயம்தான்.

சந்தா, ஆட்களை எண்ணிப் போடுவதில்லை. ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் கோர் என்று மூளை மாதிரி சில இருக்கின்றன. மெஷின் கூடினால் கோர் கூடும், கோர் கூடினால் சந்தா கூடும். போன வருஷம் நான்கு மெஷின். இப்போது எட்டு.

“எட்டுலயும் உங்க சாஃப்ட்வேர்தான் ஓடுதா?”

“இல்லம்மா, பெரும்பாலும் அஞ்சுலதான். மீதி மூணு, பிளாட்ஃபார்மோட சொந்த வேலைக்கு. எல்லாம் ஒழுங்கா ஓடுதான்னு பாக்கறது, வர்ற டிராஃபிக்கைப் பிரிச்சு அனுப்பறது, அந்த மாதிரி.”

எனக்கு ரத்தம் கொதித்தது!

ஏனென்றால் இதே சுமதியின் கல்யாணத்தில் நான் இதே மாதிரி ஏமாந்தேன். தி.நகரில் மண்டபம். சமையல் கான்ட்ராக்ட் இலைக் கணக்கு. எத்தனை இலை விழுந்ததோ அத்தனைக்குக் காசு. ஆனால் சமையல்காரரின் ஆட்கள் சாப்பிட்ட இலை கணக்கில் சேராது, அதுதான் வழக்கம். இலை எண்ணும் பொறுப்பை என் வீட்டுக்காரரின் அண்ணன் ஏற்றார். அடுப்படி ஆட்கள், பரிமாறியவர்கள், பாத்திரம் தேய்த்தவர்கள் எல்லார் இலையையும் சேர்த்து எண்ணிக் காசைக் கொடுத்துவிட்டு, “பைசா சுத்தமா முடிச்சேன்” என்று மீசையை வேறு தடவினார்!

(இன்றுவரை அவர் வீட்டில் நான் காபி குடித்ததில்லை.)

மீட்டிங் ஆரம்பித்தது. திரையில் ஒரு சேல்ஸ்காரர், மடிப்புக் கலையாத சட்டை. நான் தலையை நீட்டினேன்.

“இன்னா நைனா, ஒரு சந்தேகம் கேக்கலாமா?”

சுமதி டேபிளுக்கு அடியில் என் பாதத்தை மிதித்தாள்.

“கேளுங்க ஆன்ட்டி.”

“எட்டு மெஷினுக்குப் போட்டுக்கீறியே, அதுல மூணு உங்க வேலையத்தான் செய்யுது. சமையக்காரன் ஆளு துன்ன எலைக்கும் எங்க கிட்டயே துட்டா?”

அவர் விழித்தார். சுமதி, மிதிப்பதை விட்டுவிட்டு, இலைக் கதையை மெஷின் கதையாக மாற்றிச் சொன்னாள். அவர் எதையோ திறந்து படித்தார். ரொம்ப நேரம் படித்தார்.

“ஆன்ட்டி சொல்றது கரெக்ட் மேடம். பிளாட்ஃபார்ம் வேலை மட்டும் பாக்குற மெஷினுக்கு சந்தா தேவையில்ல. உங்க டீம் அனுப்புன லிஸ்ட்ல மொத்தமா எட்டுன்னு இருந்துச்சு, அப்படியே போட்டுட்டோம்.”

“எழுதிக் குடுத்தா வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்க மாட்டியா?”

“ம்மா!” என்றாள் சுமதி. லிஸ்ட் அனுப்பியது அவள்தான்!

“ஒரு கண்டிஷன் மேடம். அந்த மூணுல உங்க ஆப் ஒண்ணுகூட ஓடக் கூடாது. ஓடினா அந்த மெஷினும் கணக்குல வந்துடும்.”

சுமதியின் முகம் மறுபடி விழுந்தது. ரிப்போர்ட் போடுகிற ஆப்பை, மற்ற ஐந்தில் இடம் பத்தவில்லை என்று, அந்த மூன்றிலும் இறைத்து வைத்திருந்தார்களாம்.

“தூக்கி அந்த அஞ்சுக்குள்ள போடேண்டி!”

“நெருக்கிப் போடலாம்... போட்டு நல்லா ஓடுதான்னு டெஸ்ட் பண்ணணும்.”

டெஸ்ட் பண்ண யார் இருக்கிறார்கள்? ரேவதிதான்!

சாயங்காலத்துக்குள் ஐந்து மெஷினுக்குப் புதுக் கொட்டேஷன் வந்துவிட்டது. அந்த விலைக்கு ரேவதியை நிறுத்த வேண்டியதில்லை. (மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அதில் இல்லை. குறித்து வைத்திருக்கிறேன்.) இடம் மாற்றிய ஆப் ஒழுங்காக ஓடுவது தெரியாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சுமதி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறரைக்கு ரேவதி கூப்பிட்டாள். ஸ்பீக்கரில், விஷயம் எதுவும் தெரியாத குரல்.

“மேடம், ரிப்போர்ட் எல்லாம் சரியா வருது. நாளைக்கு எனக்கு வேற ஏதாவது வேலை இருக்கா?”

 சுமதி கையிலிருந்து போனை நான் வாங்கினேன்.

“கீது. நெறைய கீது. நேரத்துக்கு வந்து சேரு!”