அஞ்சலா வீட்டுப் பள்ளிக்கூடம்

உக்குவளை ரயில்வே கேட்டுக்கு மேலே, மேட்டில் இருந்த மூன்று வீடுகளில் நடு வீடு அஞ்சலாவுடையது. தையல்தான் அவள் தொழில். டிசம்பர் வந்தால் ஊர்ப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகள் அவள் வீட்டுக் கொடியில் வரிசையாகத் தொங்கும். தொண்ணூற்றாறாம் ஆண்டுக்குப் பிறகு அந்த வழியே போனவர்கள் கொடியைப் பார்த்தார்கள், வாசலைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊருக்கெல்லாம் ஸ்கூல் சட்டை தைக்கிறவள் தன் சொந்த மகளுக்கு ஏன் ஒன்று தைக்கவில்லை?

மகள் தெரேசாவுக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு செக் பொயின்ட் இருந்தது. ஒருநாள் காலை அவள் பையிலிருந்து ஒரு கவராயம் விழுந்தது. வட்டம் வரைய, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த பழைய கவராயம். அதன் கூர் முனையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே காவலில் நின்றவர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். பிள்ளைக்குச் சிங்களம் முழுதாகப் புரியவில்லை. பயத்தில் நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துவிட்டாள். அப்படியே வகுப்புக்குப் போனவளைத் தாமதமாக வந்ததற்காக ஆசிரியை முன்னால் நிறுத்தினார். அறுபது பிள்ளைகள் சிரித்தார்கள்.

மறுநாளிலிருந்து காலில் மாட்டும் பள்ளிச் சப்பாத்தைப் பார்த்தாலே தெரேசா வாந்தி எடுத்தாள். அஞ்சலா இரண்டு வாரம் இழுத்துப் பார்த்தாள், அடித்தும் பார்த்தாள். பிறகு ஒரு நாள் சப்பாத்தை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

"ஒரு மாசம் வீட்ல இரு. பிறகு பாப்போம்."

அந்த ஒரு மாதம் இரண்டு வருஷமாக நீண்டது.

அஞ்சலா ஓ.எல். எனும் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவள். முதலில் புத்தகத்தை விரித்து வைத்துப் பாடம் நடத்தினாள். தெரேசா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நாளில் அஞ்சலா அலுத்துப்போய்த் தையலுக்குத் திரும்பினாள். அதன் பிறகுதான் பிள்ளை தானாக அருகில் வந்தது. அளவு நாடாவைப் பிடித்தாள். அரை அங்குலம், கால் அங்குலம், அரைக்கால் அங்குலம் என்று கேட்டுக் கேட்டுப் பின்னத்தைப் பிடித்துக்கொண்டாள். கேட்டடிக்குப் பக்கத்தில் பலீல் நானாவின் சில்லறைக் கடை இருந்தது. அவர் சாமான் சுற்ற வைத்திருந்த பழைய பத்திரிகைகளை வாங்கிவந்து தமிழ் வாசித்தாள். அவர் கடை வாசலில் நின்று சிங்களம் பேசப் பழகினாள்.

ஒருநாள் கேட்டாள்: "அம்மா, காலைக் கோச்சி ஏன் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நேரத்துக்கு வருது?"

"எனக்கென்ன தெரியும்? நீயே எழுதிப் பாரேன்."

தெரேசா ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினாள். கோச்சி வந்த நேரம், ரயில் பெட்டிகள் எத்தனை, மழையா வெயிலா, கேட் எவ்வளவு நேரம் மூடியிருந்தது, கேட்டுக்கு முன்னால் என்னென்ன வாகனங்கள் காத்து நின்றன. பஸ் இரண்டு, வேன் ஒன்று, பச்சை லொறி மூன்று. எட்டு மாதத்தில் கொப்பி நிறைந்தது. மழை நாளில் கோச்சி சராசரியாகப் பதினோரு நிமிஷம் பிந்துகிறது என்று அவளே கணக்குப் போட்டுச் சொன்னபோது அஞ்சலா மெஷினை நிறுத்திவிட்டுப் பிள்ளையையே பார்த்தாள்.

கணவன் கபிரியேல் கொழும்பில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. மாதம் ஒருமுறை வருவான். "நீ செய்றது எனக்குப் பிடிபடல," என்றான். "ஆனா புள்ள சிரிக்கிது. அதனால பேசாம இருக்கேன்."

ஊர் பேசாமல் இருக்கவில்லை. பிள்ளைக்கு வலிப்பு என்றார்கள் சிலர். அஞ்சலா புதிதாக ஏதோ சபையில் சேர்ந்துவிட்டாள், அதனால்தான் பிள்ளையை ஒளித்து வைக்கிறாள் என்றார்கள் சிலர். பக்கத்து வீட்டு நல்லம்மா மட்டும் நேராகவே கேட்டாள்: "உண்மையச் சொல்லு அஞ்சலா, பொத்தான் தைக்கத்தானே வச்சிருக்கே?"

தொண்ணூற்றெட்டு பிறந்தது. ஐந்து வயதிலிருந்து பதினான்கு வரை எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்குப் போக வேண்டும் என்ற ஒழுங்கு வந்தது. பெப்ரவரியில் கிராம சேவகர், ஒரு பள்ளி அதிபர், இன்னோர் அலுவலர் என்று மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். அதிபர் உட்காரக்கூட இல்லை. தெரேசாவின் கையைப் பிடித்து, விரல் நுனிகளில் ஊசித் தழும்பு இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேலை வாங்குறீங்களா?"

"இல்ல சேர். படிக்கிது."

"என்ன படிக்கிறே?" என்று பிள்ளையிடம் கேட்டார். தெரேசா கொப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் நாலைந்து பக்கம் புரட்டினார். "இது ஒரு பாடமா?"

கிராம சேவகர் மட்டும் படிவத்தில் சிங்களத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். ஜூனுக்குள் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த வருஷத் தொடக்கத்தில்தான் கண்டியில் குண்டு வெடித்திருந்தது. தமிழர் வீடுகளில் சோதனை ஓயவில்லை. யார் வந்தாலும் அஞ்சலா ஜன்னல் சீலையை விலக்கிப் பார்த்துவிட்டே கதவைத் திறந்தாள். அளவு கொடுக்க வருகிற பெண்கள் சுவரைப் பார்த்தால் ஏன் பார்க்கிறார்கள் என்று நினைத்தாள். ஒருநாள் தெரேசா கடையிலிருந்து வந்து சொன்னாள்: "கொப்பியக் காட்டினேன்மா. பலீல் நானா, பச்சை லொறிய மட்டும் எழுதாத மகள்னு சொன்னாரு."

அஞ்சலா அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜூன் மாதம் ஒரு காலையில் பொலிஸார் வந்தார்கள். நேராகத் துணி அலமாரிக்குப் போனார்கள். வெட்டித் தைக்க வைத்திருந்த வெள்ளைத் துணிகளுக்கிடையிலிருந்து கொப்பியை எடுத்தார்கள். தமிழ் தெரிந்த ஒரு பொலிஸ்காரர் வாசித்து மற்றவர்களுக்குச் சொன்னார். இராணுவ லொறிகளைப் பிள்ளை 'பச்சை லொறி' என்று எழுதியிருந்த இடத்தில் எல்லோரும் அஞ்சலாவைப் பார்த்தார்கள். தெரேசாவை நல்லம்மாவின் கையில் கொடுத்துவிட்டு அவள் ஜீப்பில் ஏறினாள்.

ஸ்டேஷனில் பொறுப்பதிகாரி சிங்களத்தில் கேட்டார். "யாருக்காக எழுதினாய்?"

"நான் எழுதல்ல சேர். மகள்."

"பத்து வயதுப் பிள்ளை நிமிஷக் கணக்கில் எழுதுமா? பள்ளிக்கூடமே போகாத பிள்ளை?"

அடுத்த நாள் ரயில்வே ஸ்டேஷன் மாஸ்டரை வரவழைத்தார்கள். வயதான சிங்களவர், நல்ல மனிதர். தன் பதிவுப் புத்தகத்தோடு கொப்பியை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தவர், அஞ்சலாவுக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரு நிமிஷம்கூடப் பிழையில்லை."

பொறுப்பதிகாரி கொப்பியை மூடினார். "சரியாக இருப்பதுதான் பிரச்சினை," என்றார்.

பிள்ளை பிழையாக எழுதியிருந்தால் விட்டிருப்பார்கள் என்று அஞ்சலாவுக்கு விளங்கியது.

மூன்றாம் நாள் கிராம சேவகர் ஒரு கோப்போடு வந்தார். நல்லம்மா போய் அழுது கூட்டிவந்திருந்தாள். பெப்ரவரியில் அவர் எழுதிய படிவம் அதில் இருந்தது: பிள்ளை பள்ளி செல்வதில்லை, தாய் வீட்டில் கற்பிக்கிறார், பிள்ளை ரயில் நேரங்களையும் கேட்டில் நிற்கும் வாகனங்களையும் கொப்பியில் எழுதுகிறது, மூவரும் பார்வையிட்டோம். மூன்று கையெழுத்துகள், தேதி, முத்திரை. அவளைக் குற்றவாளியாக்க எழுதப்பட்ட தாள் அது. அதை வைத்தே அவளை விட்டார்கள். பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பேன் என்று எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள், வைத்தாள். கொப்பியை அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த திங்கட்கிழமை தெரேசா பள்ளிக்குப் போனாள். அஞ்சலாவும் கூடவே போய்ச் செக் பொயின்டைத் தாண்டி அவளை விட்டுவிட்டுத் திரும்பினாள். பிள்ளை வாந்தி எடுக்கவில்லை. எதையும் கேட்கவும் இல்லை. வாத்தியார் எழுதிப்போட்டதைப் பார்த்து எழுதினாள், வீட்டுக்கு வந்தாள், தூங்கினாள். அடங்கிவிட்டது, நல்லதாய்ப்போனது என்று ஊர் சொன்னது.

அஞ்சலா இரவும் பகலும் ஒன்றையே நினைத்தாள். வந்தவர்கள் நேராக அலமாரிக்கு ஏன் போனார்கள்? கொப்பியைப் பற்றி யாருக்குத் தெரியும்? பெப்ரவரியில் வந்த மூன்று பேருக்கு, நல்லம்மாவுக்கு, பலீலுக்கு. பச்சை லொறியை எழுதாதே என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். ஏன் அதை மட்டும் கண்டார்? அவள் அந்தக் கடைப் படி ஏறுவதை நிறுத்தினாள். சீனிக்கும் பருப்புக்கும் டவுன் வரை நடந்தாள். பலீலும் அவளைக் கண்டால் பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அது அவளுடைய சந்தேகத்தை உறுதியாக்கியது.

இரண்டாயிரத்து இரண்டில் தெரேசாவுக்குப் பதினான்கு வயது முடிந்தது. பிறந்தநாளுக்கு மறுநாள் அவள் சப்பாத்தைப் போடவில்லை.

"சட்டப்படி இனி யாரும் கேட்க முடியாதும்மா. நான் வீட்லயே படிச்சு ஓ.எல். எழுதுறேன்."

"திரும்பவும் வருவாங்கடி."

"வரட்டும். இந்தமுறை நானே பேசுறேன்."

யாரும் வரவில்லை. தெரேசா இரண்டாயிரத்து நான்கு டிசம்பரில் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதினாள். பழைய வினாத்தாள்களைத் தேடித் தேடி வாங்கினாள், விளங்காததை எழுதி வைத்துத் தெரிந்தவர்களிடம் கேட்டாள். அடுத்த வருஷம் தபாலில் முடிவு வந்தது. எட்டுப் பாடத்திலும் சித்தியடைந்திருந்தாள். கணிதத்தில் 'ஏ'.

அன்று பின்னேரம் பலீலின் மனைவி மஸூதா ஒரு கோப்பையில் இனிப்பான வட்டிலப்பம் கொண்டுவந்தாள். "மகளுக்குக் குடுங்க," என்று வாசலிலேயே நீட்டிவிட்டுப் போனாள். அஞ்சலா அதைக் கொண்டுபோய்க் கோழிக் கூட்டுப் பக்கம் கொட்டப் போனாள். தெரேசா கையைப் பிடித்தாள்.

"அவருதான் சொன்னாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"வேற யாரு?"

"அது பதில் இல்லம்மா. நீங்க அவருகிட்டக் கேட்டீங்களா?"

ஏழு வருஷத்தில் அது அவளுக்குத் தோன்றவே இல்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு இறங்கி நடந்தாள். கடையில் வேறு ஆள் இல்லை. பலீல் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"நானா, கொப்பியப் பத்தி நீங்களா சொன்னீங்க?"

அவர் தராசுத் தட்டைத் துடைத்தார்.

"நான் போய்ச் சொல்லல்ல தங்கச்சி. உங்களக் கொண்டு போன அன்னைக்கே என்னையும் கூட்டிட்டுப் போய்க் கேட்டாங்க. கொப்பியக் கண்டியான்னு கேட்டாங்க. கண்டேன்னு சொன்னேன். பொய் சொல்லப் பயம். அல்லாஹ் அறிய அவ்வளவுதான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "என் பேர நீங்கதான் குடுத்தீங்கன்னு இவ்வளவு காலமா நெனச்சிட்டிருந்தேன்."

"நான் குடுத்தேனா? நான் உங்க பேரச் சொல்லவே இல்லையே!"

"அப்ப யாரு சொன்ன?"

இருவரும் தெருவைப் பார்த்தார்கள். மேட்டுப் படிகளில் நல்லம்மா குடத்தோடு இறங்கிக்கொண்டிருந்தாள். அஞ்சலா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தன்னை விடுவிக்க ஓடித் திரிந்தவள் அவள். தான் அவளை எப்படிப் பார்க்கிறோம் என்று தெரிந்ததும் அஞ்சலாவுக்கே வெட்கமாகிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒரு கிலோ சீனி தாங்க நானா," என்றாள்.

பலீல் நிறுத்துக் கட்டிக் கொடுத்தார். மேலே வீட்டுக்கு ஏறியபோது தெரேசா வட்டிலப்பத்தில் பாதியைத் தின்று முடித்திருந்தாள். மீதிப் பாதியை அஞ்சலா நின்றபடியே தின்றாள்.