அணைக்கட்டு மேட்டில் மெத்தை விளம்பரம்

லிஃப்ட்காரருக்கு மனைவி இறந்து நான்கு மாதம் ஆகிறது. இன்றுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல் நெஞ்சுக்காரன் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டது அவர் காதுக்கும் வந்தது. வந்து என்ன செய்ய? மனுஷன் மறுவாரமே வேலைக்குப் போய், பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று இரும்பு வடத்தைச் சரிபார்த்தார். சாப்பிட்டார், தூங்கினார். எதுவும் உறைக்கவில்லை, அவ்வளவுதான்.

அவருக்கிருந்த ஒரே பைத்தியம் அமெச்சூர் ரேடியோ, சொந்தப் பெட்டி வைத்து வானலையில் பேசுவது. அதைத் தொற்ற வைத்தவர், கப்பலில் ரேடியோ ஆபரேட்டராக இருந்து கடல் தாண்டிக் குடியேறிய அண்ணன். முப்பது வருஷமாக ஞாயிறு காலை பத்து மணிக்கு இருவரும் புள்ளியும் கோடுமான மோர்ஸ் ஒலியில்தான் பேசுவார்கள். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவார்கள். பக்கத்திலேயே போன் கிடக்கும், தொட மாட்டார்கள். அப்படி ஒரு வீம்பு.

மனைவியின் சாவுக்கு ஒரு மாதம் முன்னால் அண்ணனைப் பக்கவாதம் சாய்த்தது. பேச்சு போயிற்று, முகம் இழுத்துக்கொண்டது, பார்வையும் பாதிதான். துக்கத்துக்கு வர முடியவில்லை. இடது கை விரல்கள் மட்டும் மெல்ல அசையத் தொடங்கின. போன வெள்ளிக்கிழமை அண்ணி போனில் கூப்பிட்டார்.

"தம்பி, திங்கக்கிழமை அவருக்குத் தலையில ஆபரேஷன். அதுக்கப்புறம் கை எப்படி இருக்கும்னு டாக்டரே சொல்ல மாட்டேங்கிறார். ஞாயித்துக்கிழமை அந்தப் பெட்டி முன்னாடி உக்கார வைக்கச் சொல்லிக் காட்டிட்டே இருக்கார். உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம்."

"சரி அண்ணி. பத்து மணிக்கு இருப்பேன்."

குடியிருப்புச் சங்கம் மொட்டைமாடியில் ஆன்டெனா ஒயர் கட்ட விடாது. அதனால் எப்போதும் ஊருக்கு வெளியே அணைக்கட்டு மேடுதான். அங்கேயும் வினை வந்தது. எதிரே ஒரு வானொலி நிலையம் புதுக் கோபுரம் நட்டிருந்தது. ரேடியோவை எங்கே திருப்பினாலும் மெத்தை விளம்பரம். வேறு மேடு தேட நேரமில்லை. சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து, கோபுரத்தின் அலையைத் தடுக்க ஒரு ஃபில்டர் செய்து மிட்டாய் டப்பாவில் அடைத்தார். உள்ளே இருந்த பொடிக் கெபாசிட்டர்கள் அவர் அனுப்பும்போது பாயும் மின்சக்தியைத் தாங்காது. தட்டும் முன் டப்பாவைக் கழற்ற வேண்டும். மூடியில் "கேட்க மட்டும்" என்று மார்க்கரில் எழுதினார். ரேடியோ கிளப்புக்குப் புதிதாக வருகிறவர்களிடம் இதையே ஓதி உயிரை வாங்குபவரும் அவர்தான்.

ஞாயிறு பத்து மணிக்கு டப்பாவை மாட்டியதும் மெத்தைக்காரன் வாயடைத்துப் போனான். சுத்தமான இரைச்சல். அதற்குள் மெலிதாக ஒரு தட்டல். கோடுகளை ஒரு நொடி கூடுதலாக இழுக்கும் கை, நொண்டியபடி வந்தது. அண்ணன்தான்.

"தம்பி."

லிஃப்ட்காரரின் கை தானாக, அழுத்தி வைத்திருக்கும் வரை ஒலிக்கும் மோர்ஸ் கீயில் விழுந்தது. "சொல்லுண்ணா" என்று தட்டி முடிப்பதற்குள் கருகிய வாடை. டப்பாவைக் கழற்றவேயில்லை. "தலையணை இரண்டு இலவசம்" என்று மெத்தைக்காரன் மேடு அதிரக் கத்தினான்.

சீச்சீ, முப்பது வருஷ அனுபவம். அவர் மூடியில் தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோபம்கூட வரவில்லை. பிறகு எரிந்த டப்பாவைக் கழற்றிவிட்டு அண்ணிக்குப் போன் போட்டார்.

"அண்ணி, அவர் அனுப்புறது எனக்குக் கேக்கல. ஃபில்டரை எரிச்சுட்டேன். நான் தட்டுறது அங்க வரும். அவர்து இங்க வராது."

"அவ்வளவுதானே? அவர் தட்டறப்போ இந்தப் பெட்டி கீச்சுக்கீச்சுன்னு கத்துதே, அதுகிட்ட போனை வெச்சா கேக்காதா?"

அண்ணன் தம்பி இரண்டு சூரர்களுக்கும் முப்பது வருஷத்தில் இது தோன்றவில்லை.

"கேக்கும் அண்ணி. வைங்க."

ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் போனைக் காதில் அழுத்திக்கொண்டார். எழுத்தெழுத்தாக வந்தது.

"நீ அழலன்னாங்க."

"இல்லண்ணா" என்று கீயில் தட்டினார்.

அண்ணனின் தட்டல் மறுபடி தொடங்கியது.

"நானும் அழல. என் மூஞ்சி ஒத்துக்கல. உனக்கு என்னடா?"

பதில் தட்டக் கையை வைத்தார். அழுத்திய விரல் மேலே எழவில்லை. கீ அமுங்கியபடியே கிடந்தது. மேட்டுக் காற்றில் ஒயர் ஆடியது. சட்டைக் காலர் நனைவது அவருக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

போனில் அண்ணியின் குரல் கேட்டது. "என்ன தம்பி இது, விடாம ஒரே சத்தமா வருது? பெட்டி கெட்டுப்போச்சா? இவர் என்னடான்னா, புரிஞ்ச மாதிரி தலையை ஆட்டிக்கிட்டே இருக்கார்."