முதலாளிக்காக வியன்னாவில் நடந்தவர்

குவைத்தின் ஃபஹாஹீலில் வாகன உதிரிப் பாகங்கள் விற்கும் கடை ஒன்றில் பதினோரு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர் நவரத்தினம். யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிக்காரர். எந்த அளவு போல்ட் எந்தப் பெட்டியில் எத்தனை இருக்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். போய் எண்ணிப் பார்த்தால் சரியாக இருக்கும். கடைக்குப் பின்னால் இருந்த ரூமில் எட்டுப் பேர், நாலு இரண்டடுக்குக் கட்டில். அங்கே தனியாக இருக்கக் கிடைத்த ஒரே இடம் குளியலறை. அதிலும் ஐந்து நிமிடம் கடந்தால் யாராவது கதவைத் தட்டிவிடுவார்கள்.

அவருடைய கஃபீல், அதாவது விசா கொடுத்து வேலைக்கு வைத்திருந்த முதலாளி, அபூ பைசல். நல்ல மனிதர், நல்ல சாப்பாட்டுக்காரர். 1985ஆம் வருடம் வைகாசி மாதம் அவருக்குச் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியது. வைத்தியர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, கூடவே நடக்கவும் சொன்னார். நாளுக்குப் பத்தாயிரம் அடி, குறைந்தது பன்னிரண்டு நாள். இந்த வெயிலில் நடந்தால் செத்துப் போவேன் என்றார் அபூ பைசல். அப்படியானால் குளிர்ந்த ஊருக்குப் போய் நடவுங்கள் என்றார் வைத்தியர். அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தவர் அபூ பைசலின் மனைவி உம் பைசல். அன்று மாலையே மகனை அனுப்பி, இடுப்புப் பட்டியில் மாட்டும் அடி எண்ணும் கருவி ஒன்றை வாங்குவித்தார். கைக்கடிகாரம் போல வட்டமாக, நாம் ஓரடி வைத்தால் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். ஊரும் அவரே முடிவு செய்தார், வியன்னா. விமானம் என்றால் உம் பைசலுக்குப் பயம், ஆகையால் கணவரோடு கூடப் போக ஓர் ஆள் வேண்டியிருந்தது. பெட்டி தூக்கவும், எண்ணில் பொய் சொல்லாமல் இருக்கவும் கூடிய ஆள் யார் என்று யோசித்தபோது எல்லோர் வாயிலும் நவரத்தினத்தின் பெயர்தான் வந்தது.

விசா குத்தி வந்த அன்று நவரத்தினத்தின் பாஸ்போர்ட்டை ரூமில் எல்லோரும் கைமாற்றிப் பார்த்தார்கள். பிறகு கனகரத்தினம் எழுந்து வந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

"போன இடத்திலை நில்லுங்கோ, நவரத்தினம். ஊர் சண்டையிலை கிடக்கிற கிடைக்கு இனி உங்களுக்கு வேறை வழி இல்லை. எங்களை நினைச்சுத் திரும்பி வந்திடாதேங்கோ."

நவரத்தினம், தான் பன்னிரண்டு நாளில் வரப் போகிறேன் என்றார். ரகசியத்தைக் காக்கிறார் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். இராமநாதபுரத்து ரெங்கராஜ் அவருடைய மேசை விசிறியைத் தான் எடுத்துக்கொள்ளலாமா என்று தணிந்த குரலில் கேட்டான். பன்னிரண்டு நாளைக்குத்தானே என்று இவரும் சரி என்றார். ஜெர்மனியில், பிராங்க்பர்ட்டில் இருந்த நவரத்தினத்தின் மைத்துனன் ஏரம்புக்கு வியன்னா ஹோட்டலின் தொலைபேசி எண்ணை அனுப்பியவர் கனகரத்தினம்தான். அது இவருக்குத் தெரியாது.

வியன்னாவில் முதல் நாள் காலை இருவரும் ஹோட்டலை விட்டு இறங்கினார்கள். இடுப்பில் கருவியோடு அபூ பைசல் முன்னால், கையில் குடையோடு நவரத்தினம் பின்னால். நூற்றுப் பன்னிரண்டாவது அடியில் ஒரு கேக் கடை வந்தது. கண்ணாடிக்கு உள்ளே சாக்லேட் கேக்கும் ஆப்பிள் பணியாரமும் மாடி மாடியாக அடுக்கி இருந்தன. அபூ பைசல் நின்றார், மூச்சு வாங்கினார், உள்ளே போய் ஜன்னல் ஓர நாற்காலியில் அமர்ந்தார். பிறகு கருவியைக் கழற்றி நவரத்தினத்தின் இடுப்பில் தன் கையாலேயே மாட்டிவிட்டார்.

"யல்லா, நீ நட. பத்தாயிரம் முடிந்ததும் இங்கேயே வா. கலாஸ், அவ்வளவுதான்."

நவரத்தினம் தயங்கினார். வைத்தியர் சொன்னது உங்களுக்கல்லவா என்று தனக்குத் தெரிந்த அரபியில் கேட்டும் பார்த்தார். அபூ பைசல், என் கடையின் கதவை நீ திறந்தால் கடை திறந்ததாக அர்த்தமா இல்லையா என்று கேட்டார். இவர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினார்.

அன்று தொலைந்து போய்விடக் கூடாதே என்ற பயத்தில், நகரத்தின் நடுப்பகுதியை வளைத்து ஓடும் அந்த அகலமான வட்டச் சாலையை விட்டு அவர் இம்மியும் விலகவில்லை. வட்டம் என்றால் புறப்பட்ட இடத்துக்குத்தானே வரும். மாளிகைகள், பூங்காக்கள், குதிரைமேல் கையை நீட்டிக்கொண்டிருந்த ராசாக்கள் எல்லாம் ஒருமுறை வந்து போயின, மறுபடியும் வந்து போயின. சுற்றி முடித்துக் கேக் கடைக்கு வந்தபோது பதினைந்தாயிரம் காட்டியது. அபூ பைசல் அதே நாற்காலியில் இருந்தார். தட்டு மட்டும் வேறு.

ஏழு மணிக்குக் குவைத்திலிருந்து உம் பைசல் அழைத்தார். எண்ணைக் கேட்டார், நம்பவில்லை. பதினைந்தாயிரம் அடி நடந்த மனிதர் வழியில் என்னென்ன பார்த்தார் என்று கேட்டார். அபூ பைசல் ரிசீவரைப் பொத்திக்கொண்டு நவரத்தினத்தைப் பார்த்தார். இவர் மெல்லச் சொல்லச் சொல்ல, அவர் அதைத் தன் குரலில் திருப்பிச் சொன்னார். அன்றிலிருந்து அதுவும் டியூட்டியில் சேர்ந்தது. நடந்தால் போதாது, பார்க்கவும் வேண்டும்.

இரண்டாம் நாள் வட்டத்தை விட்டு இறங்கினார். நாலாம் நாளுக்குள் அவருடைய நடை இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. பொருட்காட்சிச் சாலைக்குள்ளோ கோவிலுக்குள்ளோ போய் நின்றால் அடி குறையும் என்று, எல்லாவற்றையும் வெளியிலிருந்து சுற்றிப் பார்த்தார். பெரிய ராட்டினத்தில் ஏறவில்லை, ஏறினால் கருவி நின்றுவிடும். அதற்குக் கீழே ஆறு முறை சுற்றி வந்தார். ஊருக்குத் தெற்கே ஒரு மயானம் இருந்தது. அது எத்தனை பெரிது என்றால் அதற்கென்று டிராம் பல இடத்தில் நின்று போனது. அதற்குள்ளேயே ஒரு நாள் முழுக்க நடந்து, பூங்காவைப் போலத் தண்ணீர் ஊற்றி வளர்த்த கல்லறைகளைப் பார்த்தார். சந்தையில் புளிக்க வைத்த முட்டைக்கோவா விற்ற பெண், நாயைக் குழந்தை வண்டியில் வைத்துத் தள்ளிய கிழவர், பால்கனியில் சிவப்புப் பூச்சட்டியை மணிக்கொரு தரம் இடம் மாற்றி வைத்த ஒருத்தி, எல்லாம் இரவு ஏழு மணிக்குக் குவைத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அபூ பைசலுக்கே இப்போது ஆவல் பிடித்துவிட்டது. அந்தப் பூச்சட்டிக்காரி இன்று என்ன செய்கிறாள் என்று பார்த்து வா என்று காலையில் சொல்லி அனுப்பினார்.

ஆறாம் நாள் மழை. முதலாளி வாங்கிக் கொடுத்த மஞ்சள் மழைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு நாற்சந்தியில் நின்றிருந்தார். ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கிய பெண் அவர் கையில் சில்லறையை வைத்துவிட்டுக் கையை நீட்டியபடி காத்திருந்தாள். இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சில்லறையைத் திருப்பிக் கொடுத்தார், அவள் வாங்க மறுத்தாள். பின்னால் வந்த கார்கள் ஒலி எழுப்பின. அப்போது எதிர்ப் பக்கத்திலிருந்து அதே மாதிரி மஞ்சள் சட்டை போட்ட இன்னொருவன், மார்பில் ஒரு கட்டுச் செய்தித்தாளோடு, அரபியில் திட்டிக்கொண்டே ஓடி வந்தான். என் மூலையைப் பிடிக்க உன்னை அனுப்பியது யார் என்று கேட்டான். பெயர் மஹ்மூத், எகிப்துக்காரன். அந்த ஊரில் பத்திரிகை விற்பவர்கள் மஞ்சள் சட்டை போடுவார்கள் என்பது நவரத்தினத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. இவர் குவைத் கடை அரபியில் பதில் சொன்னதும் மஹ்மூத் திகைத்து, பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். நடந்து திரிவதற்கென்றே ஒருவர் ஐரோப்பா வந்திருக்கிறார் என்பதை அவன் கடைசி வரைக்கும் நம்பவில்லை. ஆனாலும் செய்தித்தாள் கட்டை இவர் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். ஒரு மணி நேரத்தில் நவரத்தினம் நாற்பத்து மூன்று பத்திரிகை விற்றார். நின்று விற்றதில் அடி குறைந்துபோயிற்று என்பதால், மிச்ச நேரம் முழுக்க அந்த விளக்குக் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தபடியே விற்றார். கார்க்காரர்கள் அவரை விசித்திரமாகப் பார்த்தார்கள்.

ஒன்பதாம் நாள் விடிய ஏரம்பு ஹோட்டலுக்கு அழைத்தான்.

"அத்தான், இதை விட்டால் பிறகு வராது. மேற்கு ஸ்டேசனிலை பத்து மணிக்கு ரயில். ஏறி இருங்கோ. எல்லையிலை பிடிச்சால் அகதி எண்டு சொல்லுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

மறுக்க வாய் வரவில்லை. பாஸ்போர்ட் அவரிடமே இருந்தது. போலீஸ் கேட்டால் காட்டு என்று முதலாளியே கொடுத்திருந்தார். ஒன்பதரைக்கு நவரத்தினம் மேற்கு ரயில் நிலையத்தில், ரயில் நிற்கும் மேடையில் இருந்தார். பெட்டியின் கதவு திறந்திருந்தது. ஒரு காலைப் படியில் வைத்தார்.

அப்போது அவருக்கு வந்த முதல் யோசனை, இப்படி ஒரு நேரத்தில் வேறு யாருக்கும் வராது. ரயிலில் உட்கார்ந்தால் அதன் குலுக்கலை எல்லாம் கருவி அடி என்று எண்ணிவிடும். பிராங்க்பர்ட் போவதற்குள் லட்சக்கணக்கில் காட்டும். நடக்காத அடி. கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டால் தீர்ந்தது. அது அவருக்குத் தெரியாமல் இல்லை. கையைப் பட்டியில் வைத்தார். வைத்தபோதுதான் மற்றது தெரிந்தது. ஏரம்புவின் வீட்டில் ஆறு பேர். இவரோடு ஏழு. இந்த ஒன்பது நாளாக அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. இடப்பக்கம் திரும்புவதா வலப்பக்கம் திரும்புவதா என்பதைப் பதினோரு வருடத்தில் முதல் முறையாகத் தானே முடிவு செய்திருக்கிறார். ஆற்றுக்கு அந்தக் கரையை இன்னும் பார்க்கவில்லை. மூன்று நாள் மிச்சம் இருந்தது.

ரயில் கார்டு விசில் ஊதினான். நவரத்தினம் காலைப் படியிலிருந்து எடுத்துவிட்டு, ரயில் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஸ்டேசனை விட்டு வெளியே வந்து ஆற்றுப் பக்கம் நடந்தார். அன்று முப்பத்தோராயிரம்.

திரும்பும் நாள் வியன்னா விமான நிலையத்தில் அதிகாரி அவருடைய இலங்கைப் பாஸ்போர்ட்டை நெடுநேரம் புரட்டினான். பக்கத்து மேசைக்காரனையும் அழைத்துக் காட்டினான். நிஜமாகவே போகிறாயா என்று ஆங்கிலத்தில் இரண்டு முறை கேட்டான். ஆம் என்றதும் முத்திரை குத்திவிட்டு எழுந்து நின்று கை கொடுத்தான்.

ஃபஹாஹீலில் ரூம் கதவைத் திறந்தபோது அவருடைய கட்டிலில் முன்பின் பார்த்திராத ஒருவன் கால் நீட்டிப் படுத்திருந்தான். தஞ்சாவூர்ப் பக்கத்து ராமையா, வந்து ஒரு வாரம்.

"யாருங்க அண்ணே? யாரப் பாக்கணும்?"

தன் பெயரைச் சொன்னார். ராமையா எழுந்து உட்கார்ந்து, அந்தப் பெயர்க்காரர் ஜெர்மனியில் அல்லவா இருக்கிறார் என்றான். டியூட்டி முடிந்து மற்றவர்கள் வந்தார்கள். யாரும் சந்தோசப்படவில்லை. விசிறி ரெங்கராஜின் தலைமாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ரேடியோ ஒருவரிடம், நல்ல இரண்டு சட்டை வேறொருவரிடம். ஒவ்வொன்றாக முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள். கட்டிலை மட்டும் திருப்ப முடியவில்லை, அதைக் கம்பெனி ராமையாவின் பெயரில் எழுதிவிட்டது. கனகரத்தினம் அன்று அவரோடு கதைக்கவில்லை. மறுநாள் காலை பல் துலக்கும் இடத்தில் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏன் வந்தனீங்கள்?"

"நடை முடிஞ்சுது, வந்திட்டன்."

ரூமில் ஒருவர் லீவில் ஊருக்குப் போகும் வரை மூன்று மாதம் நவரத்தினம் தரையில்தான் படுத்தார்.

அபூ பைசலை வைத்தியர் பரிசோதித்தார். சர்க்கரை முன்னைவிட ஏறியிருந்தது, எடை நாலு கிலோ கூடியிருந்தது. உம் பைசல் கொடுத்த தாளில் பன்னிரண்டு நாளின் அடிகள் வரிசையாக இருந்தன. வைத்தியர் அதை இரண்டு முறை படித்தார். பத்தாயிரம் சொன்னால் முப்பத்தோராயிரமா நடப்பீர்கள், இந்த வயதில் அளவுக்கு மீறி நடந்ததால் உடம்பு குழம்பிவிட்டது என்று கடிந்துகொண்டு, மூன்று மாதம் கட்டிலில் ஓய்வு எழுதிக் கொடுத்தார். அபூ பைசல் மிகவும் பணிவாகச் சம்மதித்தார். அதே மாதம் இக்காமா என்னும் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க மருத்துவச் சோதனைக்குப் போன நவரத்தினத்தை, உடம்பு ஏன் இப்படி வற்றிப் போயிற்று என்று கேட்டு, காச நோயோ எனச் சந்தேகப்பட்டு இரண்டு முறை எக்ஸ்ரே எடுத்தார்கள்.

உம் பைசல் ஒரு நாள் கடை வாசலில் காரை நிறுத்தச் சொல்லிப் பின் கண்ணாடியை இறக்கினார். நவரத்தினம் போய் நின்றார். முதல் நாளே தெரியும் என்றார் அவர். முப்பது வருடமாகத் தன் கணவர் ஒரு தெருவில் என்ன இருக்கிறது என்று தன்னிடம் சொன்னதில்லை, சாப்பிட்டதை மட்டும்தான் சொல்வார். பிறகு ஏன் தினமும் கேட்டீர்கள் என்று இவர் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

"நான் விமானத்தில் ஏற மாட்டேன். நீ நன்றாகப் பார்த்தாய்."

கண்ணாடி ஏறியது, கார் போய்விட்டது.

ஊரிலிருந்து மனைவி சுந்தரம்பாளின் கடிதம் ஐந்து வாரம் கழித்து வந்தது. ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்பி வந்த ஒரே ஆளின் மனைவி என்று சந்தையில் தன்னைக் காட்டிக் கதைக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். பிள்ளைகளை நினைத்தீர்களா என்று கேட்டிருந்தார். நவரத்தினம் அதைப் பல முறை படித்தார். அவர் எழுதியதில் பிழை ஒன்றும் இல்லை என்றே பட்டது. ரயில் படியில் வைத்த காலை மட்டும் எப்படி எழுதுவது என்று தெரியாமல், நலம், நலமறிய ஆவல் என்று வழமை போல எழுதி அனுப்பினார். இரண்டு மாதம் பதில் இல்லை. அதற்குப் பிறகு வந்த கடிதத்தில் ஏச்சு இல்லை. கிணற்றில் தண்ணீர் ஊறியிருப்பதையும் மூத்தவள் பள்ளிக்கூடம் போவதையும் எழுதிவிட்டு, கடைசி வரியில், அங்கே அத்தனை நாளும் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டிருந்தார்.

அன்று டியூட்டி முடிந்ததும் ஸ்டோருக்குள்ளேயே இருந்து பதில் எழுதினார். பதினொரு நாள் பாண் ரொட்டியும் வாழைப்பழமும். ஒரு நாள் முதலாளி பாதி கேக் தந்தார், இனிப்புக் கூடுதல். பிறகு நடந்த வழியில் பார்த்ததையெல்லாம் எழுதிக்கொண்டே போனதில் நாலு தாள் நிரம்பிவிட்டது.