ஒரு பங்கு மருந்து, மூன்று பங்கு தண்ணீர்

சீசன் தொடங்கிவிட்டால் என் மாமா தென்காசி வீட்டை விட்டுக் குற்றாலத்துக்குக் குடிபோய்விடுவார். அருவிக்குப் போகும் வழியில் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் அவருடைய போட்டோ ஸ்டூடியோ. படம் கழுவும் மருந்தைக் கெட்டியாகக் கரைத்துப் பழுப்புப் பாட்டிலில் வைத்திருப்பார். வேண்டும்போது ஒரு பங்கு மருந்துக்கு மூன்று பங்கு தண்ணீர். தண்ணீர் ஊற்றுகிற வேலை எனக்கு. ஏழு வயதில் அதைவிடப் பெரிய உத்தியோகம் எனக்குத் தெரியாது. படம் பதிந்த கண்ணாடித் தட்டு மருந்தில் எவ்வளவு நேரம் கிடக்க வேண்டும் என்பதற்குக் கடிகாரமெல்லாம் கிடையாது. மாமா ஒரு வாய் வெற்றிலை மென்று முடிக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் மருந்து தவறியதே இல்லை என்று ஊரில் பேச்சு. அதைக் கிளப்பிவிட்டதும் அவர்தான்.

அந்த வருஷம் மாமாவின் தங்கைக்கு, அதாவது என் சித்திக்கு, கொழும்பிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை கடை வைத்திருப்பவர், மனைவியை இழந்தவர், என் தாத்தாவைவிட ஏழெட்டு வயதுதான் இளையவர். தாத்தாவுக்குச் சம்மதம். எனக்கும்தான்; கொழும்பு பிஸ்கட் டின் டின்னாக வரும் என்று அம்மா சொல்லியிருந்தாள். பெண்ணின் படம் மட்டும் போக வேண்டும். மறுநாள் ஆடி பிறக்கிறது, பிறகு கல்யாணப் பேச்சே எடுக்க முடியாது என்று தரகர், தாத்தாவையும் கூட்டிக்கொண்டு வந்து கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

படம் எடுத்து முடிந்ததும் சித்தி என்னை ஓரமாக இழுத்தாள்.

"ஏட்டி, இன்னைக்குத் தண்ணியக் கூட ஊத்திரு. தண்ணி கூடுனா நான் நல்ல வெளுப்பா விழுவேம்லா."

டிகாக்ஷனில் பால் கூடினால் காபி வெளுக்கிறதே என்று எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மாமா அந்தப் பக்கம் திரும்பியபோது ஜாடியில் மூன்றுக்குப் பதில் ஆறு கிளாஸ் ஊற்றினேன். பிஸ்கட்டை நினைத்து ஏழாவதையும் ஊற்றினேன்.

மாமா வெற்றிலையை மென்று துப்பினார். தட்டைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தார். சித்தி இருந்த இடத்தில் லேசாகப் புகை படிந்த மாதிரி ஏதோ இருந்தது. அவர் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. சித்தி சொன்னதிலிருந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

மாமா திட்டவில்லை. வெளியே தலையைக் குனிந்து நின்ற சித்தியை வெகுநேரம் பார்த்தார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வைத்திருந்த இரண்டாவது தட்டை அதன் மரக்கூட்டோடு பின்பக்கம் கொண்டுபோனார். நானும் பின்னாலேயே போனேன். கழுவாத தட்டில் வெளிச்சம் பட்டால் படம் அழிந்துபோகும் என்று எனக்குச் சொன்னவரே அவர்தான். சாரல் விட்டு அப்போதுதான் வெயில் அடித்தது. அந்த வெயிலில் மூடியைத் திறந்து தட்டைக் காட்டினார்.

வாசலுக்கு வந்து தாத்தாவிடம், "மருந்து கெட்டுப்போச்சு. என் தப்புதான். ஆடி கழிச்சுப் பாத்துக்கிடலாம்" என்றார்.

"ஏலே, நீயும் ஒரு போட்டோக்காரனா?" என்று தாத்தா போகிற வருகிறவர்கள் நின்று பார்க்கும்படி கத்தினார். தரகர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

எனக்கு மாமா மேல் அப்படி ஒரு கோபம். நல்ல தட்டு ஒன்று இருந்ததே, அதையும் இந்த மனுஷன் வெயிலில் காட்டிக் கெடுத்துவிட்டாரே என்று தாத்தாவிடம் சொல்ல ஓடினேன். பாதி வழியிலேயே சித்தி என்னைப் பிடித்து வாயைப் பொத்தினாள். வலிக்கிற அளவுக்குப் பொத்தினாள். கல்யாணம் நின்றுபோன துக்கத்தில்தான் அவள் அழுகிறாள் என்று நினைத்து, பாவம், நானும் அவளோடு சேர்ந்து அழுதேன்.