ஆயர் கொடுத்த பொற்காசு

எங்கள் வீட்டு சாமி படங்களுக்கு நடுவே ஒரு வெளிநாட்டுக் கிறிஸ்தவ ஆயர் இருக்கிறார். தங்கக் காசில், உயரமான தொப்பியோடு. வெள்ளிக்கிழமை தோறும் என் மனைவி அவர் நெற்றியில் குங்குமம் வைப்பாள். அவர் இதுவரை ஆட்சேபித்ததில்லை.

என் மாமனார் வெள்ளிமலையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஜீப் ஓட்டியவர். விருந்தினராக வந்த ஒரு வெளிநாட்டு ஆயரைப் பேய்மழையில் மலையிலிருந்து பத்திரமாகக் கீழே இறக்கிவிட்டார். இறங்கியதும் ஆயர் இந்தக் காசை அவர் கையில் வைத்தாராம். அந்த ஆயரின் ஊரில் ஒருகாலத்தில் ஆயர்களே ராஜாக்கள். பரிசு கொடுப்பதற்கென்றே தங்கள் உருவம் போட்டுத் தங்கத்தில் காசு அடிப்பார்களாம். அதில் ஒன்று இது. மாமனார் சாவதற்குமுன் மகளிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

போன தையில் எங்கள் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் வழக்கத்தில் தாலி பெண் வீட்டுப் பொறுப்பு. நல்ல நேரம் பார்த்து, தாலிக்குப் பொன் உருக்க வேண்டும்.

"எங்கப்பா குடுத்த தங்கத்துலதாங்க தாலி செய்யணும். பேத்தி கழுத்துல அவரு இருக்கணும்" என்றாள் மனைவி.

"ஆயரும் கூடவே வருவாரே, பரவால்லியா?"

"வாய மூடிக்கினு கெளம்புங்க."

கள்ளக்குறிச்சியில் பத்தர் கடை. பொன் உருக்கும் மூசை சிவந்து காத்திருந்தது. மனைவி கையை நீட்டினாள். விரல்கள் மட்டும் பிரியவில்லை.

"போடும்மா, நல்ல நேரம் போயிடப்போவுது" என்றார் பத்தர்.

"இந்த மூஞ்சியப் பாத்தாதாங்க அப்பா ஜீப்ப வுட்டு எறங்கி வர்ற மாதிரி இருக்கும்" என்று என்னிடம் அழுதாள். "உருக்கிட்டா இன்னாத்தப் பாப்பேன்? உருக்கலன்னா அவரு எப்பிடித் தாலியில வருவாரு?"

எதற்கும் ஒரு ஜோக் வைத்திருப்பவன் நான். அன்று தலையைச் சொறிந்தேன். இருக்கிற கொஞ்ச முடியில் மோதிரம் சிக்கிக்கொண்டது. கல்யாணத்தன்று மாமனார் போட்டுவிட்ட மோதிரம்.

"இதுவும் உங்கப்பா குடுத்த தங்கந்தானே?"

சோப்பு போட்டோம், எண்ணெய் போட்டோம். நான் தின்ற சோறெல்லாம் அந்த விரலில் உட்கார்ந்திருந்தது, மோதிரம் அசையவில்லை.

"மோதரத்த வெட்டவா, வெரல வெட்டவாண்ணே?" என்றார் பத்தர்.

"எது ஈசியோ அத வெட்டுங்க" என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

வெட்டிய மோதிரத்தை அவளே மூசையில் போட்டாள். காசு முந்தானையில் முடிந்து வீட்டுக்குத் திரும்பியது.

மோதிரம் இருந்த இடத்தில் இப்போது ஒரு பள்ளம். என் உடம்பில் ஒல்லியாக இருக்கும் ஒரே இடம். வெள்ளிக்கிழமைகளில் ஆயருக்கு வைத்தது போக விரலில் மிச்சமிருக்கும் குங்குமத்தை அவள் அந்தப் பள்ளத்தில் தடவிவிட்டுப் போகிறாள். நானும் ஆட்சேபிப்பதில்லை.