காலால் கேட்கும் மாப்பிள்ளையும் குஞ்சுக் கொட்டகையும்

என் மருமகனார் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியின் உரிமையாளர். ஆண்டின் பெரும்பகுதி வடமாநிலங்களில் பிறர் நிலத்தைத் துளைப்பார். மழை தொடங்கியதும் வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்து ஓய்வெடுப்பார். அவர் ஓய்வெடுக்கும் செய்தியை சென்ற மழைக்காலத்தில் எருமப்பட்டிச் சாலையில் போகிற பேருந்துப் பயணிகள்கூட அறிந்திருந்தார்கள். அந்த ஆண்டுதான் தம் வீட்டுக் கூடத்தில் அவர் ஹோம் தியேட்டர் ஒன்றை நிறுவினார்.

அந்த வீடு நான் மகளுக்குக் கொடுத்த மனையில் நிற்கிறது. அதன் பின்சுவருக்கும் என் கோழிப்பண்ணையின் குஞ்சுக் கொட்டகைக்கும் இடையே பத்தடிச் சந்து ஒன்றே உள்ளது. மனையை அளந்து கொடுத்தவன் நானே ஆகையால், இதில் வேறு எவர்மீதும் பழி சுமத்தும் வசதி எனக்கு இல்லை.

ஹோம் தியேட்டரில் ஆறு பெட்டிகள். ஐந்து சிறியவை, ஒழுக்கமானவை. ஆறாவது, முழக்கத்துக்கென்றே உள்ள சப்வூஃபர். மனிதரின் பேச்சு, பாட்டின் சொல் முதலிய அற்ப விஷயங்களில் அது தலையிடுவதில்லை. இடி, வெடி, கதாநாயகர் நடந்து வருதல் ஆகிய மூன்றுக்கு மட்டுமே அது வாய் திறக்கும். நம் காலத்துப் படங்களில் இம்மூன்றும் ஓய்வதில்லை என்பதால் அதுவும் ஓய்வதில்லை.

பொருத்த வந்த இளைஞர் நல்லவர். சப்வூஃபரின் பின்புறச் சத்தத் திருகைப் பாதியில் நிறுத்தி, "இந்த ரூமுக்கு இது போதுங்க. மூலையில மட்டும் வெக்காதீங்க, ரெண்டு பக்கச் சொவரும் சேந்து முழக்கத்தைக் கூட்டிரும்" என்றார். மருமகனார் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலுடன் தரையில் நின்றார். கண்ணை மூடினார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

"ஒண்ணுமே தெரியலீங்களே!"

"காதுல கேக்குதுங்களா?"

"காதுல எல்லாருந்தான் கேப்பாங்க. கால்ல கேக்கோணுமுங்க."

இதைப் பிதற்றல் என்று தள்ளிவிட முடியாது. கம்ப்ரெசர் பக்கத்திலேயே இருபது ஆண்டு நின்றவர் அவர். காது பாதி போய்விட்டது. துளைக்குள் ரிக்கின் சுத்தியல் இறங்குவது மண்ணிலா பாறையிலா என்பதை உள்ளங்காலால் சொல்லிவிடுவார். அவர் கால் பொய் சொன்னதில்லை என்று தொழிலில் அவருக்குப் பெயர் உண்டு. அந்தக் காலுக்குத் திருப்தி ஏற்படும்வரை திருகு திருகப்பட்டது. பெட்டி மூலைக்கு நகர்ந்தது. அதுவும் கொட்டகைப் பக்கத்து மூலைக்கு.

அதே வாரத்தில் எனக்குப் புதிய குஞ்சுகள் வந்து இறங்கின. ஒரு நாள் வயது. நாங்கள் உமி பரப்பி, மேலே பல்பு தொங்கவிட்டு, தகரத்தை வட்டமாக வளைத்து அதற்குள் அவற்றை விடுவோம். வட்டம் எதற்கு என்றால், குஞ்சு பயந்தால் ஓடி மூலையில் ஒடுங்கும். பின்னால் வருவன முன்னால் இருப்பனவற்றின்மேல் ஏறும். அடியில் இருப்பவை மூச்சுமுட்டிச் சாகும். ஆகவே மூலை என்ற ஒன்றையே நாங்கள் ஒழித்துவிட்டோம். பத்தடிக்கு அப்பால் மருமகனார் மூலையின் பெருமையைக் கண்டறிந்துகொண்டிருந்தார்.

முதல் நாள் பிற்பகல் கதாநாயகர் நடந்து வந்தார். கொட்டகையின் கூரைத் தகடுகள் அவருக்குப் பின்பாட்டுப் பாடின. குஞ்சுகள் அத்தனையும் ஒரே அலையாக எதிர்ப்பக்கத் தகரத்தில் மோதிக் குவிந்தன. நானும் மனைவியும் கையால் அள்ளி அள்ளிப் பிரித்துவிட்டோம். இந்தக் கதாநாயகர் நாளொன்றுக்கு நான்கைந்து முறை வரும் பழக்கமுடையவர்.

போய்ச் சொல்லியிருக்கலாமே என்று அயலூரார் கேட்பர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையிடம் மாமனார் 'வேண்டாம்' என்று முகத்துக்கு நேரே சொல்வதில்லை. நான் மனைவியிடம் சொல்வேன். அவள் மகளிடம் சொல்வாள். மகள் கணவரிடம் சொல்வாள். ஒவ்வொரு கைமாற்றத்திலும் சொல் சற்றுக் குழைந்து, மெத்தென்று ஆகும். 'சத்தத்தைக் குறைக்கச் சொல்' என்று நான் அனுப்பிய செய்தி, 'அப்பாவுக்குச் சத்தம் ஒத்துக்கறதில்லை' என்றாகி, 'மாமாவுக்குத் தலைவலி' என்று போய்ச் சேர்ந்தது. மாலையில் பதில் வந்தது: தைலப் புட்டி ஒன்று. கூடவே நலம் விசாரிப்பு.

ஆதலால் நான் அறிவியலின் பக்கம் திரும்பினேன். அதிர்வு தரை வழியே பரவுகிறது என்று படித்தேன். மருமகனார் மோகனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போன நாளில், பழைய லாரி டயரை நான்கு துண்டாக வெட்டி எடுத்துச் சென்று சப்வூஃபருக்கு அடியில் வைத்தேன். மகள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏனுங்கப்பா, அவுங்ககிட்டச் சொல்ல வேண்டாங்களா?"

"தூசி படாம இருக்கட்டும்னு வெச்சேன்னு சொல்லீரு அம்மிணி."

வெடிச் சண்டை ஒன்றைப் போட்டு, தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அதிர்வே இல்லை. பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவன் ஒலியியலில் அடைந்த வெற்றியை எண்ணி அன்றிரவு செம்மாந்து உறங்கினேன்.

நான் மறந்தது ஒன்றே. மருமகனாரும் தரையைத்தான் கேட்பார்.

மறுநாள் பெட்டியைப் போட்டார். காலில் ஒன்றும் தெரியவில்லை. பெட்டிக்கு வலுக் குறைந்துவிட்டதென்று முடிவு செய்து, திருகை அதன் கடைசி எல்லைவரை திருப்பினார். அப்போதும் காலில் தெரியவில்லை. காற்றில் தெரிந்தது. எங்கள் கொட்டகைச் சாக்குப் படுதா உப்பி உப்பி அடங்கியது. நாங்கள் ஓடிப்போய்ப் பிரிப்பதற்குள் அடியில் கிடந்த ஏழு குஞ்சுகள் தலை தொங்கிவிட்டன. மனைவி அவற்றை மடியில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, டயரு வெச்சீங்களே, நல்லா வேலை செய்யுதுங்க."

அதற்குமேல் மூவர் வழியே செய்தி அனுப்ப எனக்கு நேரமில்லை. நேரே போனேன்.

"வாங்க மாமா, உக்காருங்க. சண்டை இப்பத்தான் ஆரம்பிக்குது" என்று எழுந்து நின்றார் மருமகனார். மரியாதையில் அவர் என்றும் குறை வைத்ததில்லை. 'வேண்டாம்' என்ற சொல் தொண்டைவரை வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. எனவே, "ஒரு எட்டு நம்ம கொட்டகைக்கு வந்துட்டுப் போங்க மாப்பிள்ளை. படம் ஓடட்டும்" என்றேன்.

கொட்டகை வாசலில் கிருமி போக வைத்த மருந்துத் தண்ணீரில் கால் நனைத்து, வெறுங்காலுடன் தகர வட்டத்துக்குள் இறங்கினார். வீட்டில் சண்டை தொடங்கியது. அவர் முகத்தில் முதலில் தோன்றியது பெருமிதம்.

"அடேங்கப்பா! இங்கதானுங்க மாமா சூப்பரா இருக்குது!"

அதற்குள் குஞ்சுகள் புரண்டு வந்தன. வட்டத்துக்குள் மூலைபோல இருந்தவை இப்போது அவருடைய இரண்டு பாதங்கள். அவற்றின்மேல் ஏறின, ஏறியவற்றின்மேல் ஏறின, கணுக்கால் மறைந்தது. காலைத் தூக்கி வைத்தால் குஞ்சு நசுங்கும், வைக்காவிட்டால் அடியில் இருப்பது மூச்சுமுட்டும். எவ்வளவோ ஆழம் துளைத்த மனிதர் மூச்சையும் அடக்கிக்கொண்டு நட்ட கம்பமாக நின்றார். கைப்பேசியில் மனைவியை அழைத்து, "நிறுத்து, நிறுத்து" என்று கத்தினார். அவர் ஏற்பாடு செய்திருந்த சத்தத்தில் அது அவளுக்கு எப்படிக் கேட்கும்? என் மனைவி பத்தடிச் சந்தினைத் தாண்டி ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்தாள்.

நாங்கள் இருவரும் குனிந்து அவருடைய காலிலிருந்து குஞ்சுகளைப் பிரித்தோம். அன்று எல்லாம் பிழைத்தன. "கால்ல தெரியுதுங்க மாமா, குஞ்செல்லாம் நடுங்குதுங்க" என்று மட்டும் சொன்னார்.

மாலையில் மகள் பெட்டியை டயரிலிருந்து இறக்கினாள். மூலையிலிருந்து இழுத்துவந்து கணவர் அமரும் சோபாவின் முதுகோடு ஒட்டி வைத்தாள். திருகைக் கால்பங்குக்குக் குறைத்தாள்.

"உங்களுக்கு அதிரோணும், அவ்வளவுதானுங்களே? உங்க முதுகு மட்டும் அதிரட்டும். ஊரு முதுகு எதுக்குங்க?"

மூன்று வாரமாக அந்த வீட்டில் காலால் ஆராய்ந்த நிபுணர் ஒருவரும், நூல் பார்த்து ஆராய்ந்த நிபுணர் ஒருவரும் இருந்தார்கள். அவளை எவரும் கேட்கவில்லை.

மருமகனார் சாய்ந்து உட்கார்ந்து பார்த்து, முகம் மலர்ந்தார். நான் கொட்டகைக்குப் போய் நின்றேன். குஞ்சுகள் தட்டைச் சுற்றித் தீனி கொத்திக்கொண்டிருந்தன. சன்னல் வழியே குரல் வந்தது.

"மாமா, அங்க எப்படிங்க?"

"ஒண்ணுந் தெரியலீங்க மாப்பிள்ளை."

"அப்ப இன்னுங் கொஞ்சம் வெக்கலாங்களா?"

மனைவி என்னைப் பார்த்தாள். அருகில் மகள் இல்லை. செய்தியைக் குழைத்து அனுப்ப வழியில்லை.

"வேண்டாங்க மாப்பிள்ளை" என்றேன்.

சன்னலில் மருமகனாரின் தலை எட்டிப் பார்த்தது.

"சரிங்க மாமா."