லொறியின் ஓரத்தில் இருந்தவன்

மலைநாட்டுக் குண்டசாலையில் அந்த ஒழுங்கைக்கு ஞானேஸ்வரியின் வீட்டில் மட்டும்தான் தொலைக்காட்சி. வடக்கில் இராணுவம் ஊரைச் சுற்றிவளைத்து அவளுடைய தம்பியைக் கொண்டுபோய் ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவள் நாள் தவறாமல் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று எல்லாச் செய்திகளையும் பார்த்தாள். பெரும்பாலும் ஒரே படங்களைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள்.

அன்று தமிழ்ச் செய்தியில் ஒரு லொறி வந்தது. கைகள் கட்டப்பட்ட இளைஞர்கள். ஓரத்தில் இருந்தவன் தலையைச் சரித்தான். அதற்குள் திரையில் புள்ளிகள் கொட்டின.

"இஞ்சாருங்கோ, ஏரியலைத் திருப்புங்கோ!"

கணவர் ஸ்ரீஸ்கந்தராசா முற்றத்துக்கு ஓடிக் கம்பத்தைத் திருப்பினார். படம் தெளிந்தபோது யாரோ ஒரு பாலத்தைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி மாதிரி இருந்தது. அவனெண்டால் உயிரோடை இருக்கிறான்."

"சத்தம் போடாதையும். சிங்களச் செய்தியிலை திருப்பிப் போடுவாங்கள்."

கார்ட்டூன் போனது. சவர்க்கார விளம்பரம் போனது. பக்கத்து வீட்டுச் சோமா மெனிக்கே வந்து வழக்கமான கதிரையில் உட்கார்ந்தாள். அவளுடைய மகன் இராணுவத்தில், வடக்கில். தம்பி பிடிபட்டதை அவளுக்கு இவர்கள் சொல்லவில்லை. சிங்களச் செய்தி தொடங்கியது.

லொறி வந்தது. மெனிக்கே துள்ளி எழுந்து திரையை மறைத்து நின்றாள்.

"அக்கே, என்னுடைய மகன்! இதோ, துவக்கோடு நிற்கிறான்!" என்று சிங்களத்தில் கத்தினாள்.

கொஞ்சம் விலகுங்கள் என்று சொல்ல ஞானேஸ்வரிக்கு வாய்வரை வந்தது. ஏன் என்று கேட்டால்? மெனிக்கே விலகியபோது லொறி போய்விட்டிருந்தது.

"மெலிந்துபோனான், இல்லையா அக்கே?"

"சாப்பாடு கொடுப்பார்கள்தானே," என்று ஞானேஸ்வரியும் சிங்களத்திலேயே சொன்னாள்.

பிறகு நாடகம். கலியாணம் வேண்டாம் என்று யாரோ அழுதாள். மெனிக்கே சிரித்தபடி பார்த்தாள். நாடகம் முடிந்தும் அவள் போகவில்லை. இனி ஆங்கிலச் செய்தி; அவளுக்கு ஒரு சொல்லும் விளங்காது. மகனை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். ஞானேஸ்வரி இம்முறை திரைக்கு நேரே நிலத்தில் உட்கார்ந்தாள். மெனிக்கேயும் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

செய்தியை வாசித்தார்கள். படம் காட்டவில்லை. அடுத்தது கிரிக்கெட்.

"பரவாயில்லை, நான் கண்டுவிட்டேன்," என்று மெனிக்கே எழுந்தாள். "காலையில் பாற்சோறு சமைத்துக்கொண்டு வருகிறேன், அக்கே."

"கொண்டுவாருங்கள்."

படலை சாத்திய சத்தம் கேட்டது.

"நிப்பாட்டட்டே?" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

"வேண்டாம்."

யாரோ பந்து வீச ஓடி வந்துகொண்டிருந்தான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.